மேடையில் பேச்சு மறந்துபோனது, இனி நான் பேசவே கூடாதா?

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். பி.காம். இரண்டாம் ஆண்டு, வயது 19. கடிதம் ஏழு பக்கம். ஊர், கல்லூரி, ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆறாம் வகுப்பிலிருந்தே பேச்சுப் போட்டிகளுக்குப் போகிறவர். தமிழையா எழுதிக் கொடுப்பார், இவர் மனப்பாடம் செய்வார், பரிசோடு வீட்டுக்கு வருவார். டிபன் பாக்ஸும் எவர்சில்வர் தட்டும் கேடயமுமாகப் பதினொரு பரிசுகள் வீட்டில் இருக்கின்றனவாம். ஐயா ஓய்வு பெற்றுவிட்டார், இவரும் கல்லூரிக்கு வந்துவிட்டார். மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டிக்கு ‘உப்புச் சத்தியாகிரகம்’ என்று தலைப்பு. கைபேசியில் ஏஐ செயலியிடம் கேட்டு ஓர் உரையை வாங்கி, பத்து நாள் உருப்போட்டுக்கொண்டு போனார். “1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள்” என்ற இடம் வந்ததும் அடுத்த வரி வரவில்லை. திரும்ப அதையே சொன்னார். அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அழுதுகொண்டே இறங்கிவிட்டார். வகுப்புத் தோழிகள் இருவர் அதை வீடியோ எடுத்து, அந்த அழுகை முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அப்போதிலிருந்து வகுப்பில் செமினார் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது.

அவர் கேட்டிருப்பவை: நான் மேடைக்கு லாயக்கில்லாதவளா? தோழியின் அக்கா நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ப்ராப்ரனலால் என்று ஒரு மாத்திரை போட்டாராம், நானும் போடலாமா? மேடைப் பயத்தைப் பத்தே நாளில் போக்குவதாகச் சொல்லும் ஒரு பயிற்சி மையத்தில் 6,500 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? மூன்று வாரத்தில் வேறொரு போட்டி வருகிறது, துறைத் தலைவர் என் பெயரைக் கொடுத்துவிட்டார், மறுக்க முடியுமா? அந்த ஸ்டிக்கரை என்ன செய்வது? கூடவே ஒரு மனக்குறை: “உன் பேச்சில் ஊர்த் தமிழ் வாடை அடிக்கிறது” என்று சீனியர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

நான் உளவியல் ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர் இல்லை. ஆனால் கல்லூரிகளில் ஆலோசனை சொல்லி வந்த இத்தனை வருடத்தில் மேடையில் உறைந்துபோன பிள்ளைகள் நிறையப் பேர் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நடுவராகவும் பல போட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். “நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே” என்று என்னை அழைத்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தால் ஆயிரத்தைத் தாண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் பயம்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை, ஐந்தாம் பக்கத்தில் பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் விட்ட ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

மறந்தது எதனால்?

பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்த ஒரு பிள்ளையிடம் ஏழு பதினாறு எவ்வளவு என்று திடீரென்று கேட்டுப் பாருங்கள். ஓரெண் பதினாறிலிருந்து தொடங்கி வாய்க்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும். உருப்போட்டது எல்லாம் அப்படித்தான் மனதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் தனக்கு முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் ஒன்று அறுந்தால் அதற்கு அடுத்தது எல்லாம் போச்சு. நீங்கள் “1930ஆம் ஆண்டு மார்ச் 12” என்பதையே மூன்று முறை சொன்னது முட்டாள்தனம் இல்லை. அறுந்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதோடு பயம் வேறு. பதற்றத்தில் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன. கார்ட்டிசால் ஏறியிருக்கும் நேரத்தில், மனதில் ஏற்கெனவே பதிந்திருப்பதை வெளியே எடுப்பது சிரமமாகிறது. பதிந்தது அழிந்துபோவதில்லை, கைக்கு எட்டாமல் போகிறது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முழு உரையும் ஒரு வரி விடாமல் ஞாபகம் வந்தது, அதுதான் இன்னும் அழுகையாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஞாபக சக்தி நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

“அப்படியானால் பள்ளியில் மட்டும் ஏன் மறக்கவில்லை?” என்று கேட்பீர்கள். விடையை நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாராம். அடியெடுத்துக் கொடுக்க எதிரிலேயே ஆள் இருந்தார், அதனால் சங்கிலி அறுந்தாலும் உடனே முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள். இந்தப் போட்டியில் அந்த நாற்காலியில் அவர் இல்லை. ஐயாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குரலை ஏற்றி இறக்கவும், கூட்டத்தின் முன்னால் கூசாமல் நிற்கவும் அவர்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பேச்சை நீங்களே தயாரிக்கும் வேலை மட்டும் உங்கள் கைக்கு வரவே இல்லை. பதினொரு பரிசு வாங்கிய பிறகும் அந்த ஒரு வேலையில் நீங்கள் புதுசு.

எந்தத் தலைப்பில் பேசப் போனீர்களோ அந்த மனிதருக்கும் இது நடந்திருக்கிறது. லண்டனில் படிப்பை முடித்துக் கிளம்பும் முன் சைவ உணவு நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுத்தார் காந்தி. சின்னதாக ஒரு பேச்சை யோசித்து வைத்திருந்தார், முதல் வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. இந்தியா திரும்பி பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. 30 ரூபாய் கட்டணம். குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரின் ஆளிடம் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இதெல்லாம் அவரே எழுதி வைத்தது. பின்னாளில், அந்தக் கூச்சம்தான் சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்றும் சொன்னார். உங்கள் செயலி எழுதிய உரையில் அண்ணல், மகான், விடிவெள்ளி எல்லாம் இருக்கிறது, எழுந்து நின்று பேச்சு வராமல் உட்கார்ந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பையன் இல்லை. இது தெரிந்து மேடை ஏறியிருந்தால், அந்த நிமிடத்தில் உங்களுக்கு ஒரு துணை இருந்திருக்கும். (வள்ளுவரும் இந்தப் பயத்தைச் சாதாரணமாக நினைக்கவில்லை. பகைவர் நடுவே சாகத் துணிந்தவர்கள்கூட எளிதில் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாதவர்தான் அரிது என்று சொல்லி, அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.)

நீங்கள் பேசாமல் விட்ட பேச்சு

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். “அம்மா உப்பளத்து வேலைக்குப் போறாங்க, மழைக்காலத்தில் வேலை கிடையாது, இப்போ போய் 6,500 கேட்க மனசு வரவில்லை.”

உப்பைப் பற்றிப் பேசப் போன பெண், உப்பளத்துத் தொழிலாளியின் மகள். நீங்கள் அனுப்பிய ஐந்து பக்க உரையில் உப்பு பத்தொன்பது இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அதில் ஒரு இடத்தில்கூட ஒரு பாத்தி இல்லை, ஓர் அம்பாரம் இல்லை, விடியும் முன்னே எழுந்து போய் வெயில் ஏறும்வரை உப்பு வாரும் ஒருவர்கூட இல்லை. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் உப்பைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் நீங்கள், உப்பையே பார்த்திராத ஒரு இயந்திரம் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தீர்கள்.

நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு உங்கள் மாவட்டத்துடையது. காந்தி சட்டத்தை மீறி உப்பெடுத்த கடற்கரை குஜராத்தின் தண்டி. இந்த இரண்டையும் சேர்த்தாலே ஒரு பேச்சுக்கு வாசல் திறக்கிறது. அன்றைக்குப் பிரச்சினை உப்பு வரி, சொந்தமாக உப்பெடுக்கத் தடை. இன்றைக்கு அம்மாவுக்கு என்ன பிரச்சினை? மழை பெய்தால் அளம் மூடிவிடுகிறது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அம்மாவுக்கு அது வருகிறதா, மூன்று மாதத்துக்கு அது எப்படிக் காணும் என்று அவரிடமே கேளுங்கள். இதை எந்தச் செயலியும் உங்களுக்கு எழுதித் தராது. அம்மா கண் கூசுவதைப் பற்றியோ கால் வெடிப்பைப் பற்றியோ நீங்கள் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு அடுத்த வரி மறக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதில் வரி என்று ஒன்று கிடையாது. பார்த்ததைச் சொல்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுக் கஷ்டத்தை மேடையில் சொல்லி இரக்கம் சம்பாதிப்பது வேறு, தெரிந்த விஷயத்தைத் தெரிந்தவராகச் சொல்வது வேறு. அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், “எங்கள் ஊர் உப்பளத்தில்” என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

தேதியும் அப்படித்தான். உங்களை வாரிவிட்டது மார்ச் 12. 1908ஆம் ஆண்டு, அதே மார்ச் 12 அன்றுதான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காக மேடை மேடையாகப் பேசியவர்கள் இவர்கள் இருவரும். இருபத்திரண்டு வருடம் கழித்து அதே தேதியில் காந்தி 78 பேரோடு சபர்மதியிலிருந்து கிளம்புகிறார். இனி அந்தத் தேதி உங்களுக்கு மறக்குமா?

அந்தச் சீனியரின் ‘ஊர்த் தமிழ் வாடை’க்கும் இதிலேயே பதில் இருக்கிறது. படித்தவர்கள் அரசியல் கூட்டங்களில் ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. மில்லில் வேலை பார்க்கிறவர்களைக் கூட்டி வைத்துத் தமிழில் பேசியதே அப்போது புதுசு. நாம் இன்று ‘மேடைத் தமிழ்’ என்று நினைக்கும் அடுக்குமொழி நடை அதற்குப் பிறகு வளர்ந்த ஒன்று. அழகான நடைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதுமட்டுமே பேச்சு என்று நினைப்பது தவறு. ழகரம் உங்களுக்குச் சரியாக வரவில்லை என்றால் தினமும் ஐந்து நிமிடம் பழகுங்கள், அது பயிற்சியில் வந்துவிடும். ஊர்ச் சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்பாரம் என்ற சொல்லை ‘உப்புக் குவியல்’ என்று மாற்றினால் பேச்சில் இருக்கும் உப்பே போய்விடும்.

எப்படித் தயாரிப்பது

ஐந்து நிமிடப் பேச்சு என்றால், என் அனுபவத்தில், தமிழில் ஐந்நூறு சொல்லுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். உங்கள் உரை தொள்ளாயிரத்தைத் தொடுகிறது. வணக்கம் சொல்வதற்கே முதல் பத்தி முழுக்கப் போயிருக்கிறது. அதைக் குறையுங்கள். நடுவர்கள் நடுநிலை தவறாதவர்கள் என்று நீங்கள் சான்றிதழ் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறப்போவதில்லை.

முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: கேட்கிறவர் எதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்? அது கிடைக்காமல் வேறு எதையும் எழுத வேண்டாம், இரண்டு நாள் ஆனாலும் சரி. அப்புறம் அதற்குத் துணையாக நான்கைந்து செய்திகள், பாதி அஞ்சலட்டை அளவுள்ள ஒரு அட்டையில். வாக்கியமாக எழுதாதீர்கள், எழுதினால் மறுபடியும் உருப்போட ஆரம்பித்துவிடுவீர்கள். ‘அளம், விடியற்காலை’, ‘மார்ச் 12, 78 பேர்’, ‘வரி’, ‘வேதாரண்யம்’, ‘மழைக்காலம்’. இப்படி ஒரு செய்திக்கு இரண்டு சொல். மனப்பாடமே கூடாது என்று சொல்லவில்லை. தொடக்க வாக்கியம் இரண்டையும் கடைசி வாக்கியத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு அதிகமாக இருப்பது முதல் அரை நிமிடம். அதைத் தாண்டிவிட்டால் உடம்பு தானாக இறங்கிவரும்.

கண்ணாடி முன் நின்று பேசச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உங்களை மாதிரி ஏற்கெனவே தன்னையே கவனித்துக் கவனித்துப் பதறுகிறவர்களுக்குக் கண்ணாடி இன்னும் கெடுதல். மனிதர் முன்னால் பேசுங்கள். அம்மா பாத்திரம் கழுவும்போது நின்றுகொண்டு சொல்லுங்கள், விடுதித் தோழியிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தை வர வேண்டும். வார்த்தை மாறினால் கலங்காதீர்கள், நீங்கள் பேசக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நாள் மூன்றாவது செய்தியிலிருந்து தொடங்குங்கள், இன்னொரு நாள் கடைசியிலிருந்து. எந்த இடத்தில் விட்டாலும் ஏறிக்கொள்ள இதுதான் வழி. எச்சரிக்கை மணி அடித்தால் எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுக் கடைசிச் செய்திக்குத் தாவிவிட வேண்டும், அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

மேடையில் மறுபடியும் மறந்தால்? மறக்கும். எனக்கும் மறக்கிறது. சொன்ன கடைசிக் கருத்தை வேறு வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிட்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அட்டையைப் பாருங்கள். அட்டை அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள், சில போட்டிகளில் கிடையாது. இல்லையென்றால் அந்தச் செய்தியையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது உங்களைத் தவிர அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது. மைக்கை மட்டும் பேச ஆரம்பிக்கும் முன் உங்கள் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். பாதிப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிக்கொண்டே பேசி முடிக்கிறார்கள்.

செயலியைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். தகவல் தேடவும் சந்தேகம் கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள், அது சொல்வதை நூலகத்தில் சரிபார்த்துவிட்டு. ஒரு தடவை பள்ளிப் போட்டி ஒன்றில், எங்கிருந்தோ ஒரே புத்தகத்தில் பார்த்து எழுதிய ஒரே உரையை இரண்டு பள்ளிப் பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து பேசினார்கள், இருமல் வரும் இடம்கூட ஒன்றாக இருந்தது. இனி எல்லாரும் ஒரே செயலியிடம் கேட்டால் நடுவர்கள் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை வேண்டாம்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். ப்ராப்ரனலால் இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், அது உண்மை. மேடைப் படபடப்புக்காக மருத்துவர்கள் சிலருக்கு எழுதித் தருவதும் உண்டு. ஆனால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஆபத்தானது. “சின்ன வயதில் வீசிங் இருந்தது” என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தோழியின் அக்காவுக்கு ஒத்துக்கொண்டது உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம். இன்னொன்று, அது மறந்த வரியைத் திரும்பக் கொண்டுவராது. கை நடுங்காமல் நின்று மறப்பீர்கள், அவ்வளவுதான். தூக்க மாத்திரை வகையறாவை யாராவது கொடுத்தால் அதையும் தொடாதீர்கள், ஞாபகத்தை அவை இன்னும் மந்தமாக்கும்.

பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்குச் சண்டை போடுவதாகவும், புதியவர்களோடு சகஜமாகப் பேசுவதாகவும் எழுதியிருப்பதால், உங்கள் பயம் மேடையோடு நிற்கிறது என்றே தெரிகிறது. அது நோய் இல்லை. கடையில் பேச, போனை எடுக்க, நாலு பேர் முன்னால் சாப்பிடக்கூட முடியாமல் பயம் மாதக்கணக்கில் பரவினாலோ, தூக்கம் கெட்டாலோ, கல்லூரிக்கே போகாமல் இருக்கத் தோன்றினாலோ கதை வேறு. அப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். இந்தப் பயத்துக்கு நல்ல பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, அது மருந்துக் கடையில் கிடைக்காது.

அந்த ஸ்டிக்கர்

“யாரும் அதை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்” என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஆசை. பொதுவாக அது உண்மையும்கூட. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். ஆனால் ஒருவர் வேண்டுமென்றே ஸ்டிக்கர் போட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பும்போது அந்த ஆறுதல் செல்லாது.

அதை ‘கிண்டல்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், ஒரு மாணவருக்கு வெட்கத்தையோ அவமானத்தையோ உண்டாக்கும் செயலையும் ராகிங் என்றே சொல்கிறது. யுஜிசி 2009இல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். 1800-180-5522 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. உங்கள் விஷயம் அதில் எவ்வளவு தூரம் போகும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்தது, புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, கெஞ்ச வேண்டிய அவசியமில்லை.

ஆனால் அந்த இருவரோடு இன்னும் ஒன்றரை வருடம் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். அதனால் இந்த வரிசையில் போங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் உங்களுக்குக் கொஞ்சமாவது நெருக்கமானவரிடம் தனியாக, “எனக்கு இது வலிக்கிறது, நாளைக்குள் அழித்துவிடு” என்று நேராகச் சொல்லுங்கள். அழவும் வேண்டாம், சிரித்து மழுப்பவும் வேண்டாம். நடக்கவில்லை என்றால் வகுப்புப் பொறுப்பாசிரியர், அதற்குப் பிறகு குழு.

பயிற்சி மையமும் அடுத்த போட்டியும்

6,500 ரூபாய் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்து நாளில் நான் எத்தனை முறை எழுந்து நின்று பேசுவேன்? “தினமும்” என்று சொன்னால் யோசிக்கலாம். பத்து நாளும் அவர் பேசி நீங்கள் கேட்பதென்றால் அது அவருக்குத்தான் பயிற்சி. உங்கள் நிலையில் நான் கட்ட மாட்டேன். கல்லூரித் தமிழ் மன்றம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம், நூலக வாசகர் வட்டம் என்று காசில்லாத மேடைகள் இருக்கின்றன.

போட்டிக்கு மறுக்க முடியுமா? தாராளமாக. கலந்துகொள்வது உங்கள் விருப்பம், பாடத்திட்டம் இல்லை. ஆனால் மறுத்துவிட்டு மேடைப் பக்கமே போகாமல் இருந்தால் பயம் அப்படியே கெட்டிப்பட்டுவிடும். ஒவ்வொரு தடவை தப்பிக்கும்போதும் “நல்லவேளை” என்று மனம் ஆறுதல் அடைகிறதே, அந்த ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி. அதற்காகப் பழைய மாதிரியே உருப்போட்டுக்கொண்டு மூன்று வாரத்தில் பெரிய மேடை ஏறுவதும் வேண்டாம். துறைத் தலைவரைப் பார்த்து, “மேடம், எனக்குப் பேச விருப்பம் இருக்கிறது. போன தடவை நடந்ததிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. முதலில் வகுப்பில் ஐந்து நிமிட செமினார் எடுக்கிறேன், அடுத்து மன்றத்தில் பேசுகிறேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் முடிவு சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அதற்குள் அவர் வேறு பெயரும் யோசித்து வைத்துக்கொள்வார். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அப்போது மறுத்துவிடுங்கள்.

செமினார் உங்கள் பாடத்தில் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். மன்றத்துக்கு உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாவின் எண் உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குப் போன் போடுங்கள், எழுதிக் கேட்பதற்கு இல்லை, போனிலேயே ஐந்து நிமிடம் பேசிக் காட்டுவதற்கு. அவர் உதடு அசைவது உங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு உங்கள் அடுத்த வரி தெரியாது.

அட்டையில் எழுதியதும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு திருத்தம்: வேதாரண்ய யாத்திரைக்கு ராஜாஜி சென்னையிலிருந்து நடந்ததாக உங்கள் உரையின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அவர் 1930 ஏப்ரல் 13 அன்று புறப்பட்டது திருச்சியிலிருந்து.